சுண்ணாம்புச் சூளையும் சமநிலை விதியும்

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தொன்றுதொட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்கள் இருக்கவும், 1658 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரை வென்று இப்பகுதியைத் தமதாக்கிக்கொண்ட ஒல்லாந்தர், அவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்ரர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையைத் தன்னகத்தே கொண்ட வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் என்றும், நயினாதீவு ஹார்லெம் என்றும், புங்குடுதீவு மிடில்பேர்க் என்றும் அவர்களது படங்களில் இடம்பெற்றன. நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் வாழ்கின்றது.

இஃது நிகழ்ந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின்னர், 1852 இல், ஒல்லாந்து நாட்டின் ரொட்டர்டாம் நகரிலே ஒரு குழந்தை பிறந்தது. வளர்ந்து டெல்வ்ற் நகரத்துத் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்றது. பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. 1878 முதல் ஆம்ஸ்ரர்டாமிலே பேராசிரியராகக் கடமையாற்றியது. வான்ற் ஹோவ் என்பது அவர் பெயர். அனலைதீவு, நெடுந்தீவு, வேலணை, காரைதீவு என்று நம் தீவுகளின் பெயர்களைக் கொண்டே அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிவிடலாம் போலும்! 1884 இல் அவர் வெளியிட்ட நூலிலே, இரசாயனச் சமன்பாடுகளின் நடுவே அதுகாறும் வழங்கிய சமக்குறியை நீக்கி, ஒன்றற்கொன்று எதிராகச் செல்லும் இரண்டு அம்புகளை இட்டார். 1901 இல் இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது.

பெயர் ஒற்றுமை தற்செயலானது. அவர் நம் தீவுகளைக் கண்டவரல்லர். ஆயின் அவ்விரு அம்புகளும் எதனைக் குறிக்கின்றனவோ, அது நம் தீவுகளுக்குப் புதியதன்று. அதனை நம்மவர் சூளையிலே எரித்திருக்கின்றனர், சுவரிலே பூசியிருக்கின்றனர், கிணற்றிலிருந்து அள்ளிக் குடித்திருக்கின்றனர். அதனைப் பற்றி எழுதத் தமிழ் படித்த ஒருவனுக்கு என்ன உரிமை என்று வாசகர் வினவலாம். அதற்கும் ஒரு காரணம் உண்டு.

தீவகத்துப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது அரிது. நான் படிப்பிக்கும் பாடசாலையில் ஒரு தவணை முழுவதும் உயர்தர வகுப்புக்கு இரசாயன ஆசிரியர் இல்லாதிருந்தார். பாடம் சொல்லிக் கொடுக்க அன்று, வகுப்பைக் கவனித்துக்கொள்ள என்று என்னை அங்கு அனுப்பினர். மாணவர் பழைய குறிப்புகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தனர். மீளுந்தாக்கம் என்ற தலைப்பின் கீழ், “சமநிலையில் தாக்கம் நின்றுவிடும்” என்று எல்லாக் கொப்பிகளிலும் ஒரே வாக்கியம் காணப்பட்டது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, “நிண்டு போனதுக்கு ஏன் சேர் ரெண்டு அம்பு?” என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. அவ்வினா என்னை நூலகத்துக்கும், பின்னர் ஒரு முதியவரிடத்தும் கொண்டுபோய்விட்டது.

அம்முதியவர் இளமையிலே சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர். தீவுகளில் எங்கு தோண்டினும் சுண்ணக்கல்; கரையெங்கும் முருகைக்கல்லும் சிப்பியும். நெடுந்தீவிலே காணி வேலிகளும் முருகைக்கற்களை அடுக்கி எழுப்பியவையே. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையும், நெடுந்தீவின் இடிந்த கோட்டையும் இக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அவற்றைக் கட்டுவித்த தளபதிகளின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. கல் சுமந்தவர், விறகு அடுக்கியவர், இரவு முழுவதும் சூளைக் கங்கின் முன் நின்றவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

முதியவர் சொன்னவை இரண்டு. “கல்லைச் சுட்டு எடுத்தால் பாரம் அரைவாசிக்குக் கிட்டப் போயிடும் தம்பி” என்பது ஒன்று. “சூளைக்குக் காத்து வேணும். வாயை அடைச்சால் உள்ளுக்குக் கல்லு கல்லாத்தான் கிடக்கும்” என்பது மற்றொன்று. இவ்விரு கூற்றுகளிலும் ஐரோப்பிய இரசாயனத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருப்பதை நான் பின்னரே உணர்ந்தேன்.

முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். 1750களிலே ஸ்கொத்லாந்தில் யோசப் பிளாக் என்பவர் சுண்ணக்கல் போன்ற பொருள்களைச் சுட்டு, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். குறைந்த பாரம் ஒரு வாயுவாக வெளியேறியது எனக் கண்டார். அவ்வாயுவையே இன்று காபனீரொட்சைட்டு என்கிறோம். தூய சுண்ணக்கல் 100 பங்காயின், சுட்டபின் எஞ்சும் சுண்ணாம்பு 56 பங்கு. காற்றோடு போவது 44 பங்கு. முதியவரின் கை அளந்த அளவு தவறன்று.

சுட்ட சுண்ணாம்பை நீரூற்றி நீற்றி, மணலோடு குழைத்துச் சுவரிற் பூசுகிறோம். நாளடைவில் அது கல்லாக இறுகுகின்றது. நீர் உலர்வதனால் மட்டும் அது இறுகுவதில்லை. சூளையிலே பிரிந்துபோன அதே வாயுவை, காற்றிலே கலந்து கிடக்கும் சிறிதளவிலிருந்து, சாந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெறுகின்றது. கோட்டைச் சுவரிலுள்ள சாந்து மறுபடியும் சுண்ணக்கல்லே. சூளை செய்ததைச் சுவர் திருப்பிச் செய்கின்றது. ஆகவே சுண்ணக்கல் பிரிதல் என்பது மீளுந்தாக்கம்.

இனி இரண்டாவது கூற்று. சுண்ணக்கல்லை மூடிய பாத்திரத்தில் இட்டுச் சூடாக்கினால் என்ன நிகழும்? சிறிதளவு கல் பிரிந்து வாயு வெளிப்படும். வெளிப்பட்ட வாயு போக்கிடமின்றிச் சுண்ணாம்போடு மீளச் சேரத் தொடங்கும். வாயு மிகமிகச் சேர்தலின் வேகமும் மிகும். ஒரு கட்டத்தில், ஒரு கணத்திலே பிரிவது எவ்வளவோ அவ்வளவும் அதே கணத்திற் சேரும். அப்போது வாயுவின் அமுக்கம் மேலும் கூடாது, குறையவும் மாட்டாது. 1867 இல் பிரெஞ்சு இரசாயனர் தெப்ரே இதனை அளந்து, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு குறித்த அமுக்கம் உண்டு என நிறுவினார். ஏறத்தாழ 900 பாகை சதமளவையில் அவ்வமுக்கம் நம்மைச் சூழ்ந்த வளியின் அமுக்கத்தை எட்டிவிடுகின்றது. சூளையின் வாயைத் திறந்து வைத்தால் காற்றோட்டம் வாயுவை அள்ளிச் செல்லும்; சேர்தலுக்கு வாய்ப்பில்லை; பிரிதலே தொடரும். காற்று வேண்டியது நெருப்புக்கு மட்டுமன்று. கல் மீளாதிருப்பதற்கும் அதுவே வேண்டும்.

மாணவியின் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் துறையில் நிற்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். காலையில் தீவுக்குச் செல்லும் படகுகள் நிறைந்து செல்லும். திரும்பும் படகுகளில் ஓரிருவரே இருப்பர். தீவில் அடியார் தொகை பெருகப் பெருக, வழிபாடு முடித்துத் திரும்புவோர் தொகையும் பெருகும். ஒரு நேரத்தில் செல்வோர் எத்தனையோ திரும்புவோரும் அத்தனை. அந்நேரத்தில் தீவிலுள்ளோரைக் கணக்கெடுத்தால் தொகை மாறாதிருக்கும். அதைக் கண்டு “படகோட்டம் நின்றுவிட்டது” என்று ஒருவன் எழுதினால் ஓட்டிகள் நகைப்பர். சமநிலை ஓய்வன்று. இரு திசையிலும் ஒரே வேகத்தில் நடைபெறும் வேலை அது. இருபதாம் நூற்றாண்டிலே, கதிரியக்கக் காபனால் அடையாளமிட்ட வாயுவைச் சமநிலையிலுள்ள பாத்திரத்துட் செலுத்தி, அவ்வடையாளம் கல்லினுள்ளும் புகுந்திருப்பதைக் கண்டு, இவ்வுண்மையை ஐயமற நிறுவினர்.

இன்று பாடநூலில் இரண்டு பக்கங்களில் அடங்கும் இவ்வுண்மையை அறிய மனிதர் நெடுங்காலம் மயங்கியது ஏன்? இங்குதான் இவ்வரலாறு இரசாயன வகுப்புக்கு வெளியேயும் பொருளுடையதாகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இரசாயனம் பொருள்களைப் படிவரிசையில் நிறுத்தி வைத்திருந்தது. சுவீடன் நாட்டுப் பேர்க்மன் 1775 இல் வெளியிட்ட நாட்ட அட்டவணை அவற்றுள் பெயர்பெற்றது. ஓர் அமிலத்தின் பெயரை உச்சியில் எழுதி, அதனோடு சேரும் பொருள்களை மேலிருந்து கீழாக அடுக்குவர். மேலே உள்ளது கீழே உள்ளதை அகற்றித் தான் சேரும். கீழே உள்ளது மேலே உள்ளதை ஒருபோதும் அகற்றமாட்டாது. அந்த வரிசை பொருளின் பிறவிக் குணம். எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பவை பெரிதும் பொருட்டல்ல. இவ்வாறு கருதப்பட்டது.

1798 இல் நெப்போலியன் எகிப்தின்மேற் படையெடுத்தபோது அறிஞர் குழுவொன்றையும் உடன் அழைத்துச் சென்றான். அவர்களுள் ஒருவர் பெர்தொலே. பீரங்கியின் பின்னே சென்ற அறிவு அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தீவுகளுக்குப் பெயரிட்ட அறிவும் அத்தகையதே. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பெர்தொலே கெய்ரோவுக்கு வடமேற்கேயுள்ள பாலைநிலத்து நேற்றூன் ஏரிகளைப் பார்வையிட்டார். அவ்வேரிகளின் நீர் உப்பு நீர், கரையோ சுண்ணக்கல். அக்கரையிலே சோடா உப்பு, அதாவது சோடியங் காபனேற்று, படிந்து கிடந்தது. பண்டை எகிப்தியர் பிணங்களைப் பதப்படுத்தியதும், பின்வந்தோர் கண்ணாடியும் சவர்க்காரமும் செய்ததும் அவ்வுப்பைக் கொண்டே. அதனை வாரிச் சுமந்த எளியோருக்கு அஃது ஓர் அன்றாடக் காட்சி.

பெர்தொலேக்கு அஃது ஓர் அதிர்ச்சி. ஆய்வுகூடத்திலே சோடியங் காபனேற்றுக் கரைசலையும் கல்சியங் குளோரைட்டுக் கரைசலையும் கலந்தால், சுண்ணக்கல்லின் பொருளாகிய கல்சியங் காபனேற்று வெண்மையாக வீழ்படியும். கறியுப்பு கரைசலில் எஞ்சும். அட்டவணையின்படி இஃது ஒருவழிப் பாதை. ஆயின் ஏரிக்கரையிலே கறியுப்பும் சுண்ணக்கல்லும் கூடிச் சோடா உப்பு விளைவதை அவர் கண்டார். தாக்கம் தலைகீழாக நடந்திருந்தது. உப்பு அளவின்றிக் கிடப்பதும், விளைந்த பொருள்கள் ஓரிடத்தே தங்காது அகல்வதுமே இதற்குக் காரணம் என அவர் தெளிந்தார். நாட்டம் மட்டுமன்று, அளவும் சூழலும் சேர்ந்தே திசையை முடிவுசெய்கின்றன என்ற இக்கருத்தை 1803 இல் வெளியிட்ட ‘இரசாயன நிலையியல்’ பற்றிய நூலிலே விரித்தெழுதினார்.

நம் தீவுகளின் கரையிலும் உப்பும் சுண்ணக்கல்லும் உண்டே, இங்கு ஏன் சோடா விளையவில்லை என வினவலாம். பாலையின் இடையறாத ஆவியாதலும் செறிவும் இங்கில்லை. மாரி மழை ஆண்டுதோறும் கழுவிச் செல்கின்றது. சூழல் வேறாயின் திசையும் வேறு. நேற்றூன் ஏரிகளின் சோடாவுக்கு நுண்ணுயிர்களின் வேலையும் பெருங்காரணம் எனப் பிற்கால ஆய்வாளர் கண்டனர். அதனால் ஏரி பற்றிய அவரது விளக்கம் குறையுடையதாயிற்று. அதிலிருந்து அவர் எழுப்பிய கொள்கை குறைபடவில்லை.

அவருக்கு வாய்த்த தோல்வி வேறிடத்தில். அளவு திசையை மாற்றும் என்றவர், சேர்வைகளின் அமைப்பு விகிதத்தையும் அளவு மாற்றும் என்று கூறிவிட்டார். புரூஸ்து என்பவர் அதனை மறுத்துப் பல ஆண்டுகள் வாதிட்டு வென்றார். பிழையோடு சேர்த்து உண்மையும் ஒதுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு காலம் பெர்தொலேயின் மெய்க்கருத்தை எடுத்து வளர்த்தோர் சிலரே.

மேலுள்ளது மேலேயே இருக்கும், கீழுள்ளது கீழேயே இருக்கும், இஃது இயற்கை என்னும் அட்டவணைகளை நாம் இரசாயனத்தில் மட்டும் கண்டவர்களல்லேம். யாழ்ப்பாணத்தின் கிணறுகளில் இன்னார் அள்ளலாம், இன்னார் அள்ளலாகாது என்ற அட்டவணையும் பிறவியின் பேராலேதான் காக்கப்பட்டது. தாகத்தோடு கிணற்றடியிற் காத்துநின்று, பிறர் வார்க்கும் நீரைக் கையேந்திப் பெற்றோர் நம்மிடையே வாழ்ந்தனர். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், கோயில்களின் வாயில்களும் தேநீர்க் கடைகளும் 1960களின் பிற்பகுதியிலே போராடித் திறக்க வேண்டியவையாகவே இருந்தன. இரசாயன விதி சமூக நீதியை நிறுவும் என்று நான் கூறவில்லை. உப்பும் கல்லும் மனிதரல்ல. ஆயின் ‘இயற்கையின் வரிசை’ என்று சொல்லப்படுவது உண்மையில் ஒரு சூழலின் விளைவாக இருக்கலாம், சூழலை மாற்றிப் பார்க்காமல் அதனை இயற்கை என்று சொல்லலாகாது என்னும் எச்சரிக்கையை ஓர் ஏரிக்கரை தந்தது. அவ்வெச்சரிக்கை எத்துறைக்கும் பொருந்தும்.

வரலாற்றுக்கு மீள்வோம். 1862 இல் பிரான்சிலே பெர்தலோவும் செயின் கீலும் அசற்றிக்கமிலத்தையும் மதுசாரத்தையும் சம அளவிற் சேர்த்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் மாற்றம் மேற்செல்லவில்லை. விளைபொருளையும் நீரையும் எடுத்து எதிர்த்திசையில் தொடங்கியபோது, மூன்றில் ஒரு பங்கு மாறி அதே இடத்தை அடைந்தது. எப்பக்கமிருந்து புறப்படினும் சந்திப்பு ஓரிடமே.

இதற்குக் கணித வடிவம் தந்தவர்கள் நோர்வே நாட்டினர் இருவர்: கணிதம் வல்ல குல்பேர்க், இரசாயனர் வாகே, இருவரும் மைத்துனர். 1864 இல் திணிவுத்தாக்க விதியை அவர்கள் தம் தாய்மொழியிலே வெளியிட்டனர். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1867 இல் பிரெஞ்சிலும் எழுதினர்; அப்போதும் போதிய கவனம் கிட்டவில்லை. 1877 இல் வான்ற் ஹோவ் தாமாகவே அவ்வுறவைக் கண்டார். 1879 இல் யேர்மன் மொழியில் வெளியிட்ட பின்னரே நோர்வே நாட்டவரின் முதன்மை உலகறிந்தது. சிறிய மொழியில் எழுதப்பட்டமையால் ஒரு விதி பொய்யாவதில்லை. ஆயினும் அதன் குரல் எட்டுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

இக்காலத்திலே நம் நாட்டில் என்ன நடந்தது? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மொழியில் மேனாட்டு வைத்தியம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் தமிழில் அச்சேறியது. நோர்வே நாட்டவரின் விதி உலகின் செவிக்கு எட்டுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, தமிழில் இரசாயனம் எழுதலாம் என்று காட்டியாயிற்று! கிறீன் காலமான 1884 ஆம் ஆண்டிலேதான் வான்ற் ஹோவின் அம்புகளும் வெளிவந்தன. அந்த அம்புகள் தமிழ்ப் பாடநூலுக்கு வந்து சேர்ந்தபோது மீளுந்தாக்கம், சமநிலை, செறிவு, அமுக்கம் என்னும் நல்ல சொற்களும் உடன் வந்தன. சொற்கள் வந்தன, சூளையும் சுவரும் பாடத்துக்குள் வரவில்லை. குறை மொழியினதன்று.

அதே 1884 இல் பிரான்சிலே இலச்சற்றலியர் ஒரு தத்துவத்தை வெளியிட்டார். சமநிலையிலுள்ள தொகுதி ஒன்றின் வெப்பநிலையையோ அமுக்கத்தையோ செறிவையோ மாற்றினால், அம்மாற்றத்தைத் தணிக்கும் திசையிலே சமநிலை பெயரும் என்பது அது. இதனைக் கண்டவர் சுண்ணாம்பையும் சீமெந்தையும் ஆராய்ந்த சுரங்கப் பொறியியலாளர் என்பதை நம் மாணவர்க்கு எவரும் சொல்வதில்லை. அவர் காலத்துக்கு முன்னர் இரும்பு உருக்கும் ஊதுலைகளின் உச்சியிலிருந்து எரியக்கூடிய காபனோரொட்சைட்டு வீணே வெளியேறுவதைக் கண்டோர், வாயுவும் தாதும் போதிய நேரம் பொருந்தவில்லை எனக் கருதி, பெருஞ்செலவில் உலைகளை மேலும் மேலும் உயர்த்திக் கட்டினர். வெளியேறும் வாயுவின் விகிதம் குறையவேயில்லை. அது நேரக் குறைவால் வந்ததன்று, சமநிலையின் எல்லை என்று இலச்சற்றலியர் விளக்கினார். விதியை அறியாத இடத்தில் பணமும் உழைப்பும் புகையாயின.

விதியை அறிந்தோர் செய்ததும் உண்டு. நைதரசனும் ஐதரசனும் கூடி அமோனியா ஆவது மீளுந்தாக்கம். நான்கு கனவளவு வாயு இரண்டு கனவளவாகச் சுருங்குவதால் உயர் அமுக்கம் விளைவைப் பெருக்கும். தாழ்ந்த வெப்பநிலையும் விளைவைப் பெருக்கும். ஆனால் வேகம் குன்றிவிடும். ஊக்கி இரு திசையின் வேகத்தையும் ஒருங்கே கூட்டுமன்றிச் சமநிலையின் இடத்தை மாற்றாது. இவற்றையெல்லாம் கணித்து 1909 இல் யேர்மனியிலே பிரிற்ஸ் ஹாபர் வெற்றி கண்டார்; பொஷ் அதனைத் தொழிலாக்க, 1913 இல் ஒப்பாவ் நகரில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. விளைந்த அமோனியாவைக் குளிர்வித்துப் பிரித்தெடுத்துக்கொண்டே, எஞ்சிய வாயுவை மீள உட்செலுத்துவது அவர்கள் கையாண்ட வழி. விளைபொருளை அகற்றினால் தாக்கம் முன்னேறும். நம் முதியவர் சூளையின் வாயைத் திறந்து வைத்ததும் அதற்கே.

அந்த அமோனியா உலகின் வயல்களுக்கு உரமாயிற்று, வெடிமருந்தும் ஆயிற்று. 1915 ஏப்பிரல் 22 ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் குளோரீன் நச்சுவாயுவை ஏவியதில் முன்னின்றவரும் அதே ஹாபர். 2021 இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, சில மாதங்களிற் கைவிட நேர்ந்தபோது, அத்தாக்கம் தம் தோட்டத்துள்ளும் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கின்றது என்பதை நம் கமக்காரர் உணர்ந்தனர். விதிக்கு அறம் தெரியாது. அதைக் கையாள்வோரிடமே அறத்தை எதிர்பார்க்க வேண்டும்.

இனி நம் கிணற்றடிக்கும் கடலோரத்துக்கும் வருவோம். மழைநீர் மண்ணினூடே இறங்கும்போது காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு, சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. கரைந்தது இருகாபனேற்றாக நீரில் நிற்கின்றது. அந்நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறும். கரைந்த கல் மீண்டும் கல்லாகப் படியும். கேத்திலின் உட்புறத்தில் வெள்ளைப் படையாக ஒட்டியிருப்பது அதுவே. கல் நீராகி, நீர் கல்லாகும் இந்த மீளுந்தாக்கம் நம் அடுப்படியில் நாள்தோறும் நிகழ்கின்றது. மாணவருக்கு அதை உடைத்துக் காட்டிய பின்னர் எவரும் “நின்றுவிடும்” என்று எழுதவில்லை.

கடலிலும் இதே கணக்கு நடக்கின்றது. கடல்நீரிலே காபனேற்றும் இருகாபனேற்றும் கரைந்த வாயுவும் ஒன்றோடொன்று சமநிலையில் உள்ளன. முருகைப் பூச்சி அக்காபனேற்றைக் கொண்டே தன் கூட்டைக் கட்டுகின்றது, அதுவே முருகைக்கல். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளியிலே பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தமை இதற்கு முதன்மைக் காரணம்; சீமெந்துக்காகச் சுடப்பட்ட சுண்ணக்கல்லும் தன் பங்கைச் சேர்த்தது. 1950 இல் தொடங்கி 1990 இல் யுத்தத்தோடு நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை சுட்ட கல்லும் அக்கணக்கிற் சேர்ந்ததே. அது தோண்டிய பள்ளங்கள் இன்றும் உள்ளன. மனிதர் வெளிவிடும் வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்கின்றது. ஏற்ற வாயு காபனேற்றை இருகாபனேற்றாக மாற்றுகின்றது. கடலின் அமிலத் தன்மை கைத்தொழிற் காலத்துக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 30 வீதம் மிகுந்துள்ளது. முருகைப் பூச்சிக்குக் கூடு கட்டும் பொருள் அருகி வருகின்றது.

முருகைக்கல் அகழ்வதை இலங்கைச் சட்டம் 1988 முதல் கரையோர வலயத்தில் தடைசெய்துள்ளது. அது நன்று. சில அடி உயரமே கடலுக்கு மேலெழுந்த நம் தீவுகளுக்கு, அலையை முன்னின்று தாங்குவது அம்முருகையே. ஆயின் கரையிலே கல்லெடுக்கும் ஏழையைச் சட்டம் தடுக்கலாம். தொலைவிலுள்ள ஆலைகளின் புகைபோக்கிகள் கடலுள்ளேயே கல்லைக் கரைப்பதை அச்சட்டம் தடுக்கமாட்டாது. சமநிலையின் ஒரு பக்கத்திலே யாரோ சுமையேற்றுகின்றனர். மறுபக்கத்தில் இருப்பவை நம் தீவுகள்.

கடல் மீளாதா? காலம் கொடுத்தால் மீளும். கடலடியிலுள்ள சுண்ணப் படிவுகள் கரைந்து அதனை மெல்ல ஈடுசெய்யும். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். மீளுந்தாக்கம் என்னும் பெயர் நமக்கு ஒரு பொய்யான ஆறுதலைத் தந்துவிடலாகாது. மீளும் என்றால் தானே மீண்டுவிடும் என்பது பொருளன்று. மீள்வதற்குரிய சூழல் இருந்தால் மீளும் என்பதே பொருள். வாய் திறந்த சூளையிலே, மீளவேண்டிய கல்லும் மீளாமற் போகின்றது.

தவணை முடிவில் அம்மாணவி தன் கொப்பியிலிருந்த பழைய வாக்கியத்தை வெட்டிவிட்டு, “சமநிலையில் இரண்டு வேலையும் நடக்கும்; வெளியே தெரியாது” என்று எழுதியிருந்தாள். அடுத்த தவணையில் இரசாயன ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். நான் என் தமிழ் வகுப்புக்குத் திரும்பினேன். இப்போது ஊர்காவற்றுறைத் துறையில் நின்று கடல் நடுவிலுள்ள கோட்டையைக் காணும்போதெல்லாம், அசையாது நிற்பதாக நான் நம்பியிருந்த அச்சுவரும் காற்றோடு ஏதோ கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கின்றது என்ற நினைவு வருகின்றது. அதன் சாந்தைச் சுட்டுக் கொடுத்தவர்களின் பெயர்களை எனக்குச் சொல்ல எவருமில்லை. அவர்கள் செய்த வேலையின் விதியையாவது அவர்களது பேரப்பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.